கொடிவேரித் தண்ணீர் கட்டம் கட்டமாக விழுவதில்லை

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் இன்முகத்தோடு அமர்ந்திருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, பனி இறங்கத் தொடங்கிய பிறகும் எழுந்து போகாத கோபிசெட்டிபாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘நம் மனம் கவர்ந்த படங்களும் தொடர்களும் வீட்டில் நிலைத்திருக்க வேண்டியது உயர்துல்லியத் தகட்டிலா, இணையத் திரையிலா?’ என்பது தலைப்பு. நான் தகட்டின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா மூன்று செய்திகளைச் சொன்னார். எல்லாப் படமும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தகட்டைப் போட்டுப் பார்க்கும் கருவி யார் வீட்டிலும் இல்லை. பழைய படம் பழையதாக இருந்தால்தான் அழகு. மூன்றாவதற்குத்தான் நீங்கள் பலமாகக் கை தட்டினீர்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திரையில் கோடு கோடாக விழ வேண்டும், ஒலி கரகரக்க வேண்டும், அப்போதுதான் பழைய படம் பார்த்த நிறைவு என்றார் அக்கா. 1954இல் ‘மலைக்கள்ளன்’ வெளியானபோது முதல் நாள் டிக்கெட் எடுத்தவர் அந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை, அக்கா. அவர் பார்த்தது புத்தம் புதுப் பிரிண்ட். நாமக்கல் கவிஞரின் நாவலை எடுத்து, கோவை பக்ஷிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு படமாக்கினார். தமிழோடு நிற்காமல், அந்தக் கதை மொத்தம் ஆறு மொழிகளில் படமானது. அப்படிப்பட்டவர் கோடு விழுந்த படத்தையா எடுத்திருப்பார்? அந்தக் கோடுகள் ஊர் ஊராகப் போன பிரிண்டில் புரொஜெக்டர்கள் கிழித்தவை. கிழிந்த நகலைப் பார்த்துவிட்டு, கிழிசல்தான் படத்தின் அழகு என்று நாம் பழகிக்கொண்டோம்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். ஐம்பது வயதுக்குக் கீழே இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை. பார்த்தது நகலின் நகலின் நகல். கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டார்கள். ஓடித் தேய்ந்த ஒரு பிரிண்டிலிருந்து வீடியோ டேப்புக்கு மாற்றினார்கள். டேப்பிலிருந்து விசிடி வந்தது. அந்த விசிடியை யாரோ இணையத்தில் ஏற்றினார்கள். அதைத்தான் அக்கா ‘எல்லாம் கிடைக்கிறது’ என்கிறார்.

விசிடியை மறந்துவிட்டீர்களா? ஒரு தகட்டில் 74 நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு மூன்று தகடு வேண்டும். இயக்குநர் வைத்த இடைவேளை ஒன்று. விசிடிக்காரர் வைத்த இடைவேளை இரண்டு, அதில் ஒன்று சரியாகப் பாட்டின் சரணத்தில் வரும். மூலையில் நிறுவனத்தின் முத்திரை. கதாநாயகி அழுகிற நேரத்தில் அவள் கழுத்துக்குக் கீழே கடையின் தொலைபேசி எண் ஓடும். பிறகு டிவிடி வந்தது. ஒரு படத்துக்குச் சரியாக இருக்கும் தகட்டில் மூன்று படங்களை அடைத்து ‘மூன்று படம் ஒரே விலை’ என்று விற்றார்கள். நாமும் லாபம் என்று நினைத்து வாங்கினோம்.

கணக்கைப் பாருங்கள். விசிடியின் ஒரு ஃபிரேமில், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிச் சட்டத்தில், 352க்கு 288 புள்ளிகள். பெருக்கினால் ஒரு லட்சத்துச் சொச்சம். 2006இல் வந்த உயர்துல்லியத் தகடான ப்ளூ-ரேயில் 1920க்கு 1080. இருபது லட்சத்துக்கு மேல். 2016இல் வந்த, அதனினும் துல்லியமான 4கே தகட்டில் எண்பத்து இரண்டு லட்சத்தையும் தாண்டும். எந்தக் காலத்திலோ எடுத்த படத்துக்கு அவ்வளவு புள்ளி எதற்கு என்று எதிரணி அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் அந்த அளவுக்கு விவரம் ஏற்கெனவே பதிந்து கிடக்கிறது, அண்ணா. புதிதாக நாம் எதையும் சேர்க்கப் போவதில்லை. இத்தனை நாள் வெளியே எடுக்காமல் விட்டதை எடுக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கோபிக்குச் சின்னக் கோடம்பாக்கம் என்று பெயர் வந்தது எதனால்? கொடிவேரி அணையில் விழும் தண்ணீர், தடப்பள்ளி வாய்க்கால், காற்றில் அலையும் நெல் வயல், மண் பாதையில் மாட்டு வண்டி கிளப்பும் புழுதி. இவற்றைத் தேடித்தான் படப்பிடிப்புக் குழுக்கள் இங்கே வந்தன. ஆனால் வீடியோவைச் சுருக்கும் தொழில்நுட்பத்துக்குப் பிடிக்காத பொருள்களைப் பட்டியல் போடச் சொன்னால் இந்த நான்கும்தான் முதலில் வரும். அசையாத சுவரையும் பேசும் முகத்தையும் அது எளிதாகச் சுருக்கிவிடும். முந்தைய ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்வதுதான் அதன் வேலை. கொடிவேரியில் எல்லாமே மாறுகிறது, ஒவ்வொரு துளியும் மாறுகிறது. குறித்துக்கொள்ள இடம் போதாமல் தண்ணீரைக் கட்டம் கட்டமாக வெட்டி விழ வைக்கிறது. நெல் வயல் பச்சைப் பாயாகிவிடுகிறது. புழுதி வெறும் கறை. சென்னையில் அரங்கம் போட்டு எடுத்த படத்துக்கு இதனால் அவ்வளவு நட்டமில்லை. நட்டப்படுவது கொங்கு மண்ணில் எடுத்த படங்கள்தான்.

இணையத்திலும் 4கே வருகிறதே என்பார்கள். வருகிறது. அதற்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. சாதாரண ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை ஒதுக்கலாம். 4கே தகட்டில் நூறைத் தாண்டலாம். புதிய சுருக்க முறைகள் கெட்டிக்காரத்தனமானவை, அதை மறுக்கவில்லை. ஆனால் மாலை நேரத்தில் ஊரே ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினால் அந்த 15 கூட நம் வீட்டுக்கு வந்து சேராது என்பதை இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஐயா, புள்ளிக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இணையத்தில் இருக்கும் பிரதியை எந்த நாளும் மாற்றலாம், எடுத்துவிடலாம். அதனாலேயே அதை யாரும் முடித்து வைப்பதில்லை. இப்போதைக்கு இருப்பதை ஏற்றுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்கிற மனநிலை. தகடு அப்படியில்லை. அச்சாகி விற்றுவிட்டால் திரும்பப் பெற முடியாது. பாட்டு விட்டுப்போனால் வாங்கியவன் கேட்பான்; முகம் நீலமாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் திட்டுவான். அந்தப் பயம்தான் நெகட்டிவ் எங்கே என்று தேடிப் போக வைக்கிறது. காசு கொடுத்து வாங்கியது நம்முடையது என்கிற உறுதியும் தகட்டில்தான். 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவி வழியாக விலை கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின் அந்த முடிவு மாறியது, உண்மைதான். ஆனால் அறிவிக்க முடிந்தது அல்லவா? என் அலமாரியிலிருக்கும் தகட்டுக்கு அப்படி ஓர் அறிவிப்பு வெளியிட யாராலும் முடியாது.

கருவி இல்லை என்ற வாதம் வலுவானதுதான். சாம்சங் 2019இல் புதிய ப்ளூ-ரே கருவிகளைக் கைவிட்டது, எல்ஜி 2024இல் நிறுத்திக்கொண்டது. ஆனாலும் கருவி செய்வோர் இன்னும் இருக்கிறார்கள். யார் வாங்குவார்கள் என்று கேட்டால், 2012இல் ‘கர்ணன்’ புதுப்பித்து வந்தபோது திரையரங்கில் நின்ற கூட்டத்தைக் கேளுங்கள். 1964இல் வந்த படத்துக்கு மறுபடியும் நூறு நாள். புதுப்பிக்கும் செலவு திரும்பி வருமா என்று எதிரணி பேசியதற்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

அவசரம் எங்கே என்று கேட்பவர்களைச் சேலத்துக்கு அழைத்துப் போகிறேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1938இல், இந்தச் சேலத்துக்காரர்கள் தயாரித்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. ஒரு மொழி பேசத் தொடங்கிய படமே போய்விட்டது. 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் தீப்பற்றும் பொருள். 2003இல் புனேயில் பிடித்த தீயில் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்து போயின. அதற்குப் பின் வந்த அசிடேட் சுருள் எளிதில் தீப்பற்றாது, ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்து, வினிகர் நாற்றம் அடித்து, சுருங்கிப் போகும். ஒரு சுருளில் தொடங்கினால் பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் பெட்டிக்கு எத்தனை நாள் ஆயுள் என்று நினைக்கிறீர்கள்?

அதே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956 பொங்கலுக்கு வந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம், கேவாகலர் என்ற வண்ணச் சுருளில் எடுத்தது. கருப்பு வெள்ளையில் ஊறிப்போன கண்களுக்கு முன்னால் பானுமதி அம்மையாரின் உடை முதல் முறை நிறத்தோடு தோன்றியபோது அரங்கில் எழுந்த மூச்சை நினைத்துப் பாருங்கள். அது என்ன நிறம்? நமக்குத் தெரியாது. பழைய வண்ணப் பிரிண்ட்களில் சாயம் ஒன்றன்பின் ஒன்றாக மங்கும். மிஞ்சிய சாயத்தின் நிறத்தில் மொத்தப் படமும் சாயும். இணையத்தில் இருப்பதைப் பார்த்து அந்த உடை பழுப்பு என்று நம் பேரன் முடிவு கட்டிவிடுவான். இதைத் திருத்த வேண்டுமென்றால் கிடைக்கும் மூலச் சுருள்களை ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தில் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ஃபிரேம்கள். முடியுமா என்றால் முடியும். சத்யஜித் ரேயின் அபு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் தீயில் கருகின. கருகிய சுருளை இத்தாலியின் பொலோனாவில் நீரூட்டி இளக்கி, ஓரங்களைக் கையால் ஒட்டி, 2015இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தொடர்களையெல்லாம் உயர்துல்லியத்தில் கேட்டு, இங்கே எங்கள் அணியினரே கொஞ்சம் அதிகமாக ஆசைப்பட்டார்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவின் ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 35 மில்லிமீட்டர் சுருளில் எடுத்து, டேப்பில் தொகுத்த தொடர். சுருள்களைத் தேடி எடுத்து, 178 பகுதிகளையும் புதிதாகத் தொகுத்து, 2012 முதல் 2014 வரை ப்ளூ-ரேயாக வெளியிட்டார்கள். நம் சென்னைத் தொலைக்காட்சியின் பழைய நாடகங்கள் டேப்பிலேயே பிறந்தவை என்றால் அங்கே போய் எடுக்கச் சுருள் இல்லை. டேப்பில் இருப்பதைக் கெடுக்காமல், முழுமையாக, வரிசையாகக் கொடுத்தால் போதும். அதை ஊதிப் பெரிதாக்கி ‘உயர்துல்லியம்’ என்று அட்டையில் அச்சடித்தால் நானே எதிரணியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஏனென்றால் தகட்டிலும் பாவம் செய்கிறார்கள். சுருளின் இயல்பான துகள்களை அழுக்கு என்று நினைத்துத் துடைத்து, முகத்தை மெழுகுப் பொம்மை ஆக்கிவிடுகிறார்கள். ‘பிரிடேட்டர்’ என்ற ஆங்கிலப் படத்தின் 2010 ப்ளூ-ரே அதற்குப் பெயர் போனது. வாங்கியவர்கள் விடாமல் திட்டினார்கள். பின்னால் வந்த 4கே பதிப்பில் துகள்கள் திரும்பின. எனக்கு வேண்டியது மெழுகு அல்ல. படத்தின் அசல் அகலம், வெட்டாத நீளம், எல்லாப் பாட்டும். ஒலியை ஐந்து பக்கமும் பிரித்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு அசல் ஒற்றை ஒலித்தடமும் கட்டாயம் இருக்க வேண்டும். நமக்குப் பக்கத்துக் காட்டில், தெங்குமரஹாடாவில் படமான ‘அன்னக்கிளி’ இளையராஜாவின் முதல் படம். 1976இல் கேட்ட காதுகளுக்கு அது எப்படி ஒலித்ததோ அப்படியே எனக்கும் வேண்டும். காது கேளாதவர்களுக்குத் தமிழிலேயே வசன வரிகள் வேண்டும். ஆங்கிலத்தில் போட்டுவிட்டுத் தமிழில் விட்டுவிடுகிற வழக்கத்தை என்னவென்று சொல்வது?

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், தெரிகிறது. எந்தப் படம் முதலில் தகட்டில் வர வேண்டும் என்ற என் வரிசையை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். முதலில் ‘அலிபாபா’, நிறம் முற்றிலும் போவதற்குள். அடுத்து ‘ஹரிதாஸ்’, கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவாகி, 1944இல் தொடங்கி மூன்று தீபாவளி கண்ட படம். பிறகு ‘மலைக்கள்ளன்’, அதன் பிறகு ‘அன்னக்கிளி’. எதிரணி அக்காவுக்குக் கோடு விழுந்தால்தான் பிடிக்கும் என்பதால், தகட்டில் கூடுதலாக அந்தப் பழைய பிரிண்டையும் ஓர் ஓரத்தில் சேர்த்துவிடச் சொல்கிறேன். இடம் நிறையவே இருக்கிறது, ஐம்பது ஜிகாபைட். நன்றி, வணக்கம்.