பச்சையாய் இருக்கிறதே, அப்புறம் என்ன?

வணக்கம் நண்பர்களே. இன்று நடந்துகொண்டே பேசப் போவதில்லை. இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். காரணம், கையில் இருக்கும் இந்த மண்.

தேயிலைக்கு எத்தனை மூட்டை உரம் போட வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். முதலில் செடியிலிருந்து நாம் எடுப்பதைக் கணக்குப் பார்ப்போம். மற்றப் பயிர்களில் காயையோ மணியையோ எடுக்கிறோம். இங்கே இலையையே கிள்ளி எடுக்கிறோம், அதுவும் நைட்ரஜன் அதிகம் சேர்ந்திருக்கும் இளங்கொழுந்தை. தயாரான தூளின் எடையில் 4 முதல் 5 சதவீதம் வரை நைட்ரஜன்தான். அப்படியானால் 1000 கிலோ தூளோடு 40, 50 கிலோ நைட்ரஜன் தோட்டத்தை விட்டுப் போகிறது. பொட்டாசியம் ஒரு 20 கிலோ. யூரியாவில் இருப்பது 46 சதவீதம் நைட்ரஜன். போனதைத் திருப்பிக் கொடுக்கவே 100 கிலோ யூரியா வேண்டும். போட்டதெல்லாம் வேருக்குப் போய்ச் சேருவதும் இல்லை. ஆகவே உரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்துவிட்டது. 2021ஆம் ஆண்டு ரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே அடியாகத் தடை செய்தது. சில மாதங்களிலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. அப்படியும் அந்த ஆண்டு 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, உண்மைதான். ஆனாலும் பட்டினி போட்ட செடி கொழுந்து கொடுக்காது.

சரி, இப்போது மண்ணுக்கு வருகிறேன். தேயிலைக்கு அமில மண் பிடிக்கும். பிஎச் என்பது அதை அளக்கும் எண், எண் குறையக் குறைய அமிலம் கூடும். அது 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். இந்தக் குணம்தான் நம்மை ஏமாற்றுகிறது. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் மண்ணில் விழுந்ததும், நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. ஒரே அளவு நைட்ரஜனுக்கு யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் மும்மடங்கு அமிலத்தை உண்டாக்கும். மழையில் நைட்ரேட் கீழே இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

வேறு பயிராக இருந்தால் இந்நேரம் வாடிக் காட்டிக் கொடுத்திருக்கும். தேயிலை அழுத்தமான செடி. அமில மண்ணில் கரைந்து வரும் அலுமினியத்தைக்கூட முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றுவிடும். மேலே பச்சையாய் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நாமும் அடுத்த மூட்டையைப் பிரிக்கிறோம். பிஎச் 5இலிருந்து 4க்கு இறங்கினால் ஒரு எண்தான் குறைந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது. மண்புழு குறையும், மண் இறுகும். அதன் பிறகு கொட்டுகிற உரத்துக்குச் செடி பதில் சொல்லாது.

மிஞ்சியது எங்கே போகும்? ஜப்பானில் பச்சைத் தேயிலைக்கு உமாமி என்ற ஊறிய, நாவில் நிற்கிற சுவை முக்கியம். நைட்ரஜன் கூடினால் தியானின் என்ற அமினோ அமிலம் கூடும், சுவையும் ஏறும். அதற்காக முன்பு சில தோட்டங்களில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1000 கிலோவுக்கும் மேல் நைட்ரஜன் கொட்டினார்கள். பக்கத்துக் குளங்களிலும் நிலத்தடி நீரிலும் நைட்ரேட் ஏறியது. பிறகு அங்கேயே அளவைக் குறைத்தார்கள். கறுப்புத் தேயிலைக்கோ அந்தச் சுவைக் காரணமும் கிடையாது. நைட்ரஜன் அளவு மீறினால் பாலிஃபீனால் குறையும்; தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தருவதே அதுதான். எடை கூடும், கோப்பையில் கொஞ்சம் சப்பென்று இருக்கும். மிஞ்சிய நைட்ரஜனால் மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு தனிக் கதை. கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மழை வரும் என்று நம்பி ஒருமுறை காய்ந்த மண்ணில் யூரியாவைத் தூவினேன். மழை வரவில்லை. அடுத்த நாள் அம்மோனியா வாடை மூக்கைத் துளைத்தது. காசு காற்றில் போகிற வாசனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் களையெடுத்த பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது, ஆண்டு அளவை நாலைந்து தவணையாகப் பிரித்துத்தான் போடுகிறேன். கூடவே பொட்டாசியத்துக்காகப் பொட்டாஷ் உரமும் போடுகிறேன். கவாத்து செய்து விழுந்த இலை, கிளையை விறகுக்குக்கூட வெளியே விடுவதில்லை. அதில் இருப்பதும் உரம்தானே.

பிஎச் 4.5க்குக் கீழே போய்விட்டால் அமிலத்தைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல் தூளைப் போடலாம், கவாத்துச் சமயம் அதற்கு வசதி. ஆனால் அதையும் யூரியாவையும் ஒரே வாரத்தில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மறுபடி அதே அம்மோனியா வாடைதான்.

எவ்வளவு டோலமைட் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மண் பரிசோதனைக்கு அனுப்ப இந்தப் பை. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்திருக்கிறேன். உரம் போட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தது. இன்னும் பத்து இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். முடிவு வந்ததும் தாளையே கேமராவில் காட்டுகிறேன். எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.