ஆடு தொலைந்தபின் அடைத்த பட்டி

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் மாலை வகுப்பில், சீனமொழி பேசும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது என் வேலை. சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள், இங்கே படிக்கும் பிள்ளைக்குத் துணையாகத் தங்கியிருக்கும் அம்மாக்கள், மாண்டரினிலேயே காலத்தை ஓட்டிவிட்ட உள்ளூர்ப் பெரியவர்கள் எனப் பலரும் வருவார்கள். எல்லாருக்கும் நான் 'லாவ்ஷி'. ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஃபூஜியான் மாகாணத்து மாணவி ஒருவர் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தார். ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றார். கைப்பேசியை நீட்டி, "லாவ்ஷி, இதில் என்ன தப்பு?" என்று கேட்டார். வாடிக்கையாளர் ஒருவருக்குப் போக வேண்டிய பெட்டி முகவரி மாறித் தொலைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு இவர் மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். அதன் கடைசி வரி: 'குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிவிட்டோம்.' அந்த வாடிக்கையாளர் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து, "இனி எதுவும் செய்து பயனில்லை என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இடப்பக்கம் ஆங்கிலப் பழமொழி, வலப்பக்கம் அதற்கு இணையான சீனப் பழமொழி. ஓடிப்போன குதிரைக்கு நேரே 'வாங் யாங் பு லாவ்'. ஆடு தொலைந்தபின் பட்டியைச் செப்பனிடுதல் என்று பொருள். கரும்பலகையில் அந்த இரண்டையும் ஜோடி சேர்த்து எழுதிப் போட்டவன் நான்தான்.

பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கின்றன. விலங்கு போய்விட்டது, அதற்குப் பிறகு கதவைக் கவனிக்கிறார்கள். ஆனால் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் புழங்கும் குதிரைப் பழமொழி, காலம் கடந்து செய்கிற வேலையைக் குத்திக்காட்டுவது. சீனப் பழமொழியின் கதையே வேறு. பழங்காலச் சீனாவில் இருந்த சூ நாட்டு மன்னன் உல்லாசத்தில் மூழ்கிக் கிடந்தான். ஜுவாங் சின் என்ற அமைச்சர் எச்சரித்தார், மன்னன் கேட்கவில்லை. அவர் நாட்டை விட்டே போய்விட்டார். கி.மு. 278இல் சின் நாட்டுப் படை வந்து தலைநகரைப் பிடித்துக்கொண்டது. ஓடி ஒளிந்த மன்னன் ஆளனுப்பி அவரை வரவழைத்து, "இப்போது நான் என்ன செய்வது?" என்று கேட்டான். அவர் சொன்ன பதில்: "முயலைக் கண்டபின் நாயைத் தேடினாலும் தாமதமில்லை. ஆடு தொலைந்தபின் பட்டியைச் செப்பனிட்டாலும் தாமதமில்லை."

அந்த 'தாமதமில்லை'தான் பழமொழியின் உயிர். சீனர்கள் நான்கு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், மீதி அவர்கள் மனத்தில் தானாக ஓடும். அந்த மீதி எனக்குத் தெரியாமல் போனதற்கு நம் தமிழும் ஒரு காரணம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஆங்கிலக் குதிரை எனக்குச் சொந்த ஊர்க் குதிரை போல இருந்தது. சீன ஆடும் அதே வழியில்தான் போகும் என்று நினைத்துவிட்டேன். ஒரு பெண் தன் முதலாளியிடம் திட்டு வாங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

அன்றோடு 'இணையான பழமொழி' என்ற பட்டியலைக் கைவிட்டேன். இப்போதெல்லாம் நான் கேட்பது மூன்றே கேள்விகள். யார் சொல்வது, யாரிடம் சொல்வது, காரியம் நடப்பதற்கு முன்பா பின்பா? உங்கள் அம்மா இதை எப்போது சொன்னார் என்று கேட்டுவிட்டால் போதும், வகுப்பே பேச ஆரம்பித்துவிடும்.

நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 'லவ் மீ, லவ் மை டாக்' என்பது ஆங்கிலம். என்மீது அன்பு இருந்தால் என் நாய்மீதும் அன்பு வையுங்கள் என்ற பேச்சு 12ஆம் நூற்றாண்டிலேயே புனித பெர்னார்டின் லத்தீன் உரையில் வந்திருக்கிறது. சீனத்தில் அந்த இடத்தில் நாய் இல்லை, காக்கை இருக்கிறது. 'ஐ வூ ஜி வூ', வீட்டின் மேல் வைத்த பிரியம் கூரைமேல் உட்கார்ந்த காக்கைவரை நீள்கிறது. சீனத்தில் மனிதரை நாயோடு சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் வசவுதான். அதிர்ஷ்டக்காரர் என்ற பொருளில் 'லக்கி டாக்' என்று மேற்பார்வையாளர் பாராட்டியதற்காக இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்த ஒரு மாணவர் என்னிடம் படித்தார். "தமிழில் எப்படி லாவ்ஷி?" என்று கேட்டார். எங்களிடமும் நாயே என்றால் சண்டைதான் என்றேன். அவர் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நிற்கிறார். ஆங்கிலேயர் சாத்தானை இழுப்பார், 'ஸ்பீக் ஆஃப் த டெவில்' என்று பாதியோடு விட்டுவிடுவார். சீனர் 'த்சாவ் த்சாவைச் சொன்னால் த்சாவ் த்சாவே வருவார்' என்பார். கி.பி. 220இல் மறைந்த படைத்தலைவர் அவர், இன்றும் ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக்கும் வந்துகொண்டிருக்கிறார். நாம் என்ன சொல்வோம்? உனக்கு ஆயுசு நூறு! இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பாட்டி, "அடடா, தமிழர்கள் வாழ்த்துகிறீர்களே" என்று கைதட்டினார். ஆங்கிலத்தில் இதை நண்பரிடம் சொல்லலாம், முதலாளி உள்ளே நுழையும்போது வேண்டாம் என்று மட்டும் எச்சரித்து வைத்தேன்.

ஒரு கல்லில் இரண்டு பறவை போன்றவற்றில் சிக்கல் இல்லை, சீனத்திலும் அப்படியே உண்டு. 'ஒரு படம் ஆயிரம் சொல்லுக்குச் சமம்' என்பதில்தான் எல்லாரும் திகைத்துப்போவார்கள். ஆங்கிலப் புத்தகங்கள் பல இதைச் சீனப் பழமொழி என்கின்றன. "எங்கள் ஊரில் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லையே லாவ்ஷி!" கேட்டிருக்க முடியாது. ஃபிரெட் பர்னார்ட் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1927இல், படம் பத்தாயிரம் சொல்லுக்குச் சமம் என்று எழுதி, அதற்குச் சீனப் பழமொழி என்று பெயரிட்டுவிட்டார். சீனர்களிடம் உள்ள உண்மையான சொல், நூறு முறை கேட்பது ஒரு முறை பார்ப்பதற்கு ஈடாகாது என்பது. எழுபது வயது கடந்த ஜாவ் சோங்குவோ என்ற தளபதி ஹான் பேரரசரிடம் சொன்னது. போருக்கு எத்தனை படை வேண்டும் என்று கேட்டதற்கு, நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அந்த முதியவர். படத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த ஃபூஜியான் பெண்ணும் நானுமாக மறுபடி அந்த மின்னஞ்சலை எழுதினோம். பழமொழியே வைக்கவில்லை. பெட்டி தொலைந்தது எங்கள் தவறு, இனி முகவரியை இரண்டு பேர் சரிபார்ப்போம், புதிய பெட்டி நாளை வரும். மூன்று வாக்கியங்கள், அவ்வளவுதான். பிறகு அவர் நோட்டில் குதிரையை அடித்துவிட்டு, ஆட்டுக்கு நேரே எதை எழுதுவது என்று கேட்டார். 'பெட்டர் லேட் தேன் நெவர்' என்று எழுதச் சொன்னேன். செய்யாமலே விடுவதைவிடத் தாமதமாகவாவது செய்வது மேல் என்று பொருள்.

அடுத்த வாரம் கடையில் கூடுதல் வேலை. வகுப்பு பாதி முடிந்தபோது நனைந்த குடையோடு கதவருகே வந்து நின்றார். நான் ஏதும் கேட்பதற்குள், யாரும் சொல்லித் தராமலே, அவரே சொன்னார்: "பெட்டர் லேட் தேன் நெவர், லாவ்ஷி."