சிசெஸ்டர் போகிறவர்கள் கடல் ஏறும் நேரத்தையும் பார்க்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் சிசெஸ்டர் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. ரெண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது, அங்கே போகலாமா என்று யாராவது கேட்டால், டிக்கெட் போட்டாச்சா, ரூம் எடுத்தாச்சா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன். கேட்டவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஊருக்குள் நின்றால் கடலே தெரியாதே, கொஞ்சம் தள்ளித்தானே இருக்கிறது என்பார். இருக்கட்டும், காரணம் சொல்கிறேன்.

லண்டன் விக்டோரியாவில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம். ரோமானியர் உண்டாக்கிய ஊர், பழைய மதில் மேல் இன்றைக்கும் நடக்கலாம். வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கிழக்கு, மேற்கு என்று முக்கியமான தெரு நான்குதான். நான்கும் கூடும் இடத்தில் 1501-இல் ஒரு ஆயர் கட்டிக்கொடுத்த கல்மண்டபம், சந்தைக்கு வரும் ஏழைகள் காசு கொடுக்காமல் உட்கார்ந்து விற்பதற்காக. வழி தவறவே முடியாத ஊர். மேற்குத் தெருவுக்குத் திரும்பினால் பேராலயம்.

இந்தப் பேராலயத்தின் கூர்கோபுரம் 277 அடி. இங்கிலாந்தின் இடைக்காலப் பேராலயங்களில் கடலிலிருந்து பார்த்தால் தெரிவது இது ஒன்றுதான், மாலுமிகளுக்கு அடையாளமே இதுதான். ஆனால் இப்போது நாம் பார்ப்பது பழைய கோபுரம் இல்லை. இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்லிவிடுவேன், நீங்களும் தப்ப முடியாது. 1859 வாக்கில், உள்ளே பார்வையை மறைக்கிறது என்று ஒரு பழைய கல்தடுப்பைப் பிரித்து எடுத்தார்கள். எடுத்தபிறகுதான் கோபுரத்தைத் தாங்கும் தூண்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று தெரிந்தது. வெளியே நல்ல கல், உள்ளே வெறும் கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது. விரிசல் விழுந்தது, முட்டுக்கொடுத்தார்கள், விரிசல் பெரிதாகியது, இன்னும் முட்டுக்கொடுத்தார்கள். 1861 பிப்ரவரி 20, ராத்திரி பெருங்காற்று. மறுநாள் வேலையாட்களை வெளியேற்றிவிட்டார்கள். மதியம் ஒன்றரை மணி வாக்கில் கோபுரம் லேசாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தபடியே, மடக்குக் குடையைச் சுருக்குவதுபோலத் தனக்குள்ளேயே இறங்கிப்போனது. பக்கத்துத் தெருவில் விழவில்லை, வீடுகள் மேல் விழவில்லை. ஒருவருக்கும் காயமில்லை. அத்தனை பெரிய கோபுரம்! ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பேற்று, பழையதைவிட ஆறடி உயரமாகவே 1866-இல் முடித்துக்கொடுத்தார். அந்தக் கல்தடுப்பு? நூறு வருஷம் கழித்து, 1961-இல், திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த சந்தோஷம்.

உள்ளே போனால் மார்க் ஷகால் வரைந்து 1978-இல் வைத்த சிவப்புக் கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள், வெயில் இருக்கும்போது பாருங்கள். நம் சாவித்திரி கதையை ஆங்கிலத்தில் இசைநாடகமாக்கிய குஸ்தாவ் ஹோல்ஸ்டின் சாம்பலும் அங்கேதான் இருக்கிறது.

சரி, கடல். இரண்டு ஸ்டேஷன் மேற்கே பாஸம் என்ற கிராமம், இறங்கி அரைமணி நடந்தால் கரை. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைத் தையலில் சொல்லும் பாய்யோ திரைச்சீலை இருக்கிறதே, அதில் பின்னாளில் இங்கிலாந்து ராஜாவான ஹரால்ட் கடல் தாண்டுமுன் கும்பிடப் போகும் கோயில் இந்த ஊர்க் கோயில்தான். கன்யூட் ராஜா அலையைப் பார்த்து நில் என்று சொன்னது இங்கேதான் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வேறு ஊர்களும் அதற்குப் பங்கு கேட்கின்றன, அது அவர்கள் பாடு. பாவம் அந்த ராஜாவை எல்லோரும் கர்வி என்கிறார்கள். பழைய கதையில் அவர் செய்தது நேர் எதிர். புகழ் பாடியவர்களுக்கு, ராஜா சொன்னாலும் கடல் கேட்காது என்று காட்டத்தான் காலை நனைத்துக்கொண்டார்.

கடல் இன்னும் கேட்பதில்லை. கரையோரத் தெரு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீருக்குள் போகிறது. அங்குள்ள வீடுகளின் வாசலைப் பாருங்கள், படி ஏறித்தான் கதவு. எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. இருந்தும் வெளியூர்க்காரர்கள் காலையில் காய்ந்து கிடக்கும் தரையைப் பார்த்துக் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இந்தப் பக்கம் தண்ணீர் உச்சிக்கு வருவது ஏறக்குறைய நண்பகலில், அதாவது சரியாக இவர்கள் தட்டில் மீன் வரும் நேரத்தில். ஜன்னல்வரை தண்ணீரில் நிற்கும் காரை நானே பார்த்திருக்கிறேன், சொந்தக்காரர் கையில் சாவியோடு படியில் நின்றார். அதனால்தான் சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன், நேரத்தைப் பாருங்கள். தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளிப் போகும், நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது.

நேரம் குறைவு என்று சைகை வருகிறது. சிசெஸ்டருக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் செல்சி என்ற ஊரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஆயரின் இருப்பிடம் முதலில் அங்கேதான், 1075-இல்தான் சிசெஸ்டருக்கு மாறியது. பழைய கோயில் கடலுக்குள் போய்விட்டது, அதன் மணி கேட்கும் என்றுகூடக் கதை உண்டு. பக்கத்தில் மெட்மெரியில் 2013-இல் கரையை அரசே உடைத்துக் கடலை உள்ளே விட்டு, உள்நாட்டில் புது அணை போட்டார்கள். இப்போது பறவைகள் நிறைந்த சதுப்பு நிலம், பைனாகுலர் எடுத்துப்போங்கள். ஃபிஷ்போர்ன் ரோமானிய மாளிகையில் டால்ஃபின் மேல் சவாரி செய்யும் சிறுவன் படம் பதித்த மொசைக் தரை இருக்கிறது, விடாதீர்கள். குழந்தைகளோடு போனால் வெஸ்ட் விட்டரிங் மணல் கடற்கரை, கோடையில் காலையிலேயே போய்விடுங்கள், அந்த ஒற்றை ரோட்டில் கார்கள் நகரவே நகராது. வணக்கம்.