'விக்ரம்' என்று தேடினால் முதலில் எது வர வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. ஓடிடி செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. தரமணியில் இருக்கும் என் மேசையிலிருந்து இன்று தேடல் முடிவுப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

தேடல் பெட்டியில் 'விக்ரம்' என்று தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் 1986-இல் ஒரு படம் வந்தது, 2022-இல் இன்னொன்று வந்தது. இரண்டிலும் கமல்ஹாசன்தான் நாயகன். போதாக்குறைக்கு அதே பெயரில் ஒரு முன்னணி நடிகரும் இருக்கிறார். வெறும் போஸ்டர்களை அடுக்கிவைத்தால், பார்ப்பவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் தமக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதோ, நான் வரைந்திருக்கும் மாதிரியைப் பாருங்கள்: தலைப்புக்குக் கீழே ஆண்டு, மொழி, ஓடும் நேரம் மூன்றும் ஒரே வரியில் இருக்கின்றன, நடிகர் மட்டும் வட்டப் படத்துடன் தனி வரிசையில் இருக்கிறார். 2022 படம் முதலில் வரட்டும், பெரும்பாலோர் அதைத்தான் தேடுவார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் பழைய படமும் திரையை நகர்த்தாமலே கண்ணில் பட வேண்டும். தலைப்புதான் போஸ்டரிலேயே இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். ஹாலின் மறுகோடியில் சோபாவில் அமர்ந்திருப்பவருக்கு அந்த அலங்கார எழுத்து புரியாது.

ஒரே படத்தின் தமிழ், தெலுங்கு, இந்திப் பதிப்புகள் மூன்று கட்டங்களை அடைத்துக்கொள்வதும் வேண்டாத நெரிசல்தான். ஒரே அட்டையாக வைத்து, மொழியை உள்ளே தேர்ந்தெடுக்க விடலாம். சந்தாவுக்குள் அடங்காத படம் என்றால் 'வாடகைக்கு' என்று அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். பார்க்கத் தொடங்கும் நேரத்தில் பணம் கேட்பது, என்னைக் கேட்டால், ஏமாற்று வேலை.

இனி எழுத்துக்கு வருகிறேன், நம் ஊரில் பெரும்பாடு இதுதான். ரிமோட்டை வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளில் தமிழ்த் தலைப்பைத் தட்டும்போது, ழகரத்துக்கு ஒருவர் 'இசட் ஹெச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். இரண்டும் ஒரே படத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தமிழிலேயே தட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில், ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிடும் மென்பொருளுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். படம் கையிருப்பில் இருந்தும் 'முடிவுகள் இல்லை' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையிலேயே படம் இல்லையென்றால், 'இந்தப் படம் எங்களிடம் இல்லை' என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, அதன் பிறகு அதே நடிகரின், அதே இயக்குநரின் படங்களைக் காட்டலாம். அந்த ஒரு வரி இல்லாமல் வேறு படங்களைக் கொட்டினால், தாம்தான் தவறாகத் தட்டிவிட்டோமோ என்று பெரியவர்கள் திரும்பத் திரும்ப அதையே தட்டிக்கொண்டிருப்பார்கள்.