முன்னாடி என்ன அரைத்தீங்க?

வணக்கம். காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ராகியை மட்டுமே பேசிவிட்டுப் போய்விடாதீர்கள் அம்மா, சாமை இருக்கிறது, தினை இருக்கிறது, கொள்ளு இருக்கிறது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மறக்காமல் இருக்கத் துண்டுச் சீட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1986-இல் வேலையில் சேர்ந்தேன். மதியம் சோறு போடுவதுதான் என் வேலை, ஆனால் பிள்ளைகள் பத்து மணிக்கே சமையல்கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். என்னடா என்றால், தண்ணி குடிக்க வந்தேன் டீச்சர் என்பார்கள். என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், சத்துணவு டீச்சர். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் டீயும் பொறையும். சில பிள்ளைகளுக்கு டீ மட்டும். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்னே தக்காளி பறிக்கப் போயிருப்பார்கள், இல்லையென்றால் கட்டட வேலைக்குப் பெங்களூரில் இருப்பார்கள், வீட்டில் பாட்டி மட்டும்தான். பாட்டிக்குக் கண் தெரியாது, அவள் எதை ஆக்கிப் போடுவாள்?

இப்போது 2022-இலிருந்து தொடக்கப் பள்ளியிலேயே காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக, சாம்பாரோடு. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. பள்ளிக்கூடம் போகாத குட்டிப் பிள்ளை இருக்கிறதே. அப்புறம் எல்லாருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டுப் பதினொரு மணிக்கு நின்றுகொண்டே இட்லிச் சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்கிற நாம் இருக்கிறோமே.

நேரம் இல்லை என்பார்கள். நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். காலைச் சாப்பாட்டைக் காலையில் செய்யாதீர்கள். ராத்திரியே செய்துவிடுங்கள். காலையில் கரைத்துக் குடிக்கிற வேலை மட்டும் இருக்கட்டும். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள், கூழ் என்பது அந்த ஏற்பாடுதான்.

எங்க அத்தை, மாமியாரைத்தான் சொல்கிறேன், கூழ் காய்ச்சுவதை இரண்டு நாள் வேலையாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி ராகி மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வைத்துவிடுவார், அது புளிக்கும். மறுநாள் சாயங்காலம் அரிசி நொய்யை வேக வைத்து, அது முக்கால் வெந்ததும் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் விடாமல் கிண்டுவார். வெந்ததா என்று பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மேலே ஒரு தட்டு தட்டுவார். கையில் ஒட்டவில்லை என்றால் இறக்கலாம், ஒட்டினால் இன்னும் அடுப்பில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. ஆறியதும் உருண்டை பிடித்து மண்சட்டியில் தண்ணீருக்குள் போட்டு வைத்தால், விடிந்ததும் மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுக் கரைக்க வேண்டியதுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ மாங்காய்க் கீற்றோ. கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மாங்காய்க்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

கரைக்கும்போது எப்போதும் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் மேலே மட்டும் வெந்து கட்டிக்கொள்ளும், உள்ளே மாவு மாவாகவே இருக்கும், அப்புறம் என்ன கிண்டினாலும் உடையாது. புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது நான் செய்த முதல் கூழ் அப்படித்தான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கட்டிகளை எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு வந்தார்.

சரி, இப்போது முளை கட்டிய ராகி. இதற்குத்தான் நான் வந்ததே. சீட்டில் இரண்டு நிமிஷம் என்று எழுதியிருக்கிறேன், பார்ப்போம்.

ஒரு கிலோ ராகியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தண்ணீரில் அலசிக் கல் அரிக்க வேண்டும். பாத்திரத்தை லேசாகச் சாய்த்துச் சுழற்றினால் ராகி மேலே வரும், மணல் அடியில் தங்கும், கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலே நெருடுவது தெரியும். எட்டு மணி நேரமாவது ஊறட்டும். அப்புறம் வடித்துவிட்டுப் பழைய வேட்டித் துணியில் கட்டி வையுங்கள். புதுத் துணி வேண்டாம், கஞ்சி போட்ட துணியும் வேண்டாம். பல முறை துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வேட்டிதான் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றையும் விடும். காய்ந்து போகாமல் அப்பப்போ தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாளில் முளைத்துவிடும், மார்கழியில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்கள் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். துணியைப் பிரித்தால் மெல்லிய வெள்ளை நூல் மாதிரி முளை தெரியும், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு அடை மாதிரி வரும். முளை நீளமாக வளர விடாதீர்கள். கொழகொழவென்று இருந்தாலோ பூஞ்சை வாடை வந்தாலோ தயவுசெய்து மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள், கழுவிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நன்றாக இருந்தால் உதிர்த்து நிழலில் காயப்போட்டு, மணம் வரும்வரை லேசாக வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மில்லுக்கு. இந்த இடத்தில்தான் நான் ஒரு கதை சொல்ல வேண்டும். கேட்டவர்கள் மன்னிக்கவும், எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

என் மகளுக்குக் குழந்தை பிறந்து ஏழாம் மாதம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்கு மேல் கஞ்சி தொடங்கலாம், அதனால் பாட்டி கையால் முளை கட்டிய ராகிமாவு என்று நான் மூன்று கிலோ தயார் பண்ணினேன். நாலு நாள் வேலை. காயப்போட்டுவிட்டுக் காக்காய் ஓட்டக் குச்சியோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் சம்பந்தியம்மா குழந்தையைப் பார்க்க வருகிறார், அதற்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக மில்லுக்குப் போனேன். ஒரு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த மில் என்று கேட்காதீர்கள். கூட்டமே இல்லை, உடனே போட்டுக் கொடுத்தார்கள், நானும் என் அதிர்ஷ்டத்தை நினைத்து மகிழ்ந்துகொண்டு வீட்டுக்கு வந்து சலித்தேன். ஒரு தும்மல் வந்தது. மாவுத்தூள் என்று நினைத்தேன். இன்னொரு தும்மல். அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா?

புரியவில்லை. கஞ்சி காய்ச்சி, வெல்லம் துளி போட்டு, ஆற வைத்து, சம்பந்தியம்மா எதிரில் பெருமையாக உட்கார்ந்து முதல் ஸ்பூனைக் குழந்தை வாயில் வைத்தேன். குழந்தை ஒரு நொடி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அப்புறம் முகம் சிவந்து, வீறிட்டு ஒரு அழுகை. நான் நாக்கில் வைத்துப் பார்த்தால் காரம்! எனக்கு முன்னால் மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறார்கள், வேறெதையும் ஓட்டி மில்லைச் சுத்தம் பண்ணாமல் அப்படியே என் ராகியைப் போட்டுவிட்டார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம், அன்று சாயங்காலமே சிரித்தது, அதனால் நானும் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். சம்பந்தியம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த மூன்று கிலோவையும் ஒரு மாதத்துக்கு முருங்கைக்கீரை அடையாகத் தட்டித் தின்று தீர்த்தோம். தனியாக மிளகாய் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆகையால் மில்லுக்குப் போனால் முதல் கேள்வி, முன்னாடி என்ன அரைத்தீங்க? இதைக் கேட்காமல் பையைக் கொடுக்காதீர்கள். மிளகாய், மல்லி, மஞ்சள் என்றால் ஒரு படி அரிசியை முதலில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு யாராவது ராகியோ கோதுமையோ கொண்டுவருகிறவரை திண்ணையில் உட்காருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, சும்மா ராகியை அரைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், அதுவும் நல்லதுதான். ஆனால் முளை விடும்போது தானியம் தன் மாவுச்சத்தைத் தானே உடைக்கத் தொடங்குகிறது, அதனால்தான் அந்த மாவில் லேசான இனிப்பு. இரும்பையும் சுண்ணாம்பையும் உடம்புக்கு விடாமல் பிடித்து வைக்கிற பொருள் ஒன்று ராகியில் உண்டு, அதுவும் முளை கட்டும்போது குறைகிறது. இன்னொன்று, இதைக் கவனித்திருக்கிறீர்களா? சாதா ராகிமாவில் இரண்டு ஸ்பூன் போட்டாலே கஞ்சி பசை மாதிரி கெட்டியாகிவிடும், குழந்தை விழுங்காது என்று இன்னும் தண்ணீர் விடுவோம், கடைசியில் குழந்தை வயிற்றில் தண்ணீர்தான் போகும். முளை கட்டிய மாவு அப்படிக் கெட்டிப்படாது. அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவு பிடிக்கும், கஞ்சியும் இளக்கமாக இருக்கும். குட்டி வயிறு கொஞ்சம்தானே கொள்ளும், அந்தக் கொஞ்சத்தில் சத்து கூட இருக்க வேண்டாமா? அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவிலும் முளை கட்டிய ராகி சேர்ப்பது சும்மா இல்லை.

சுண்ணாம்புச் சத்து என்றதும் சில பேர் ராகியைப் பாலுக்கு மேலே தூக்கி வைத்துப் பேசுவார்கள். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது உண்மை, அரிசியில் 10 சுற்றித்தான். ஆனால் யார் காலையில் 100 கிராம் மாவு சாப்பிடுகிறார்கள்? ஒரு ஆளுக்கு 40 கிராம் என்று வையுங்கள், 140 மில்லிகிராம் வரும், ஒரு சின்ன டம்ளர் பாலில் இருப்பது. அதுவே எனக்குப் பெரிய விஷயம், பொய்யாகப் பெருக்க வேண்டியதில்லை. அதே மாதிரி, சர்க்கரை நோய்க்கு ராகி நல்லது என்று டம்ளர் டம்ளராகக் கஞ்சி குடிக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ராகியும் மாவுச்சத்துதான் அய்யா. கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அளவாக ஒரு களி உருண்டை, பக்கத்தில் கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ நிறைய, அப்படிச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச் சத்து சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

கடையில் சத்துமாவுப் பொட்டலம் வாங்குகிறவர்களை நான் திட்டப் போவதில்லை. வாங்குங்கள், ஆனால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் இருபது தானியப் படம் போட்டுவிட்டு, பின்பக்கம் இரண்டாவது பெயரே சர்க்கரை என்றால் நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2023-இல் நீலகிரியிலும் நம்ம தர்மபுரி மாவட்டத்திலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அக்கா இதை வைத்து என்ன பண்றது என்று கேட்டாள். தர்மபுரியில் பிறந்த பெண்! நான் முதலில் கோபப்பட்டேன், அப்புறம் என் பழைய வேட்டியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். இப்போது அவளே மில்காரரைக் கேள்வி கேட்கிறாள், முன்னாடி என்ன அரைத்தீங்க என்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமா தம்பி? சாமை முழுசாக மிச்சம் இருக்கிறதே.

சரி, வேகமாகச் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சாமை அரூர் பக்கம் சித்தேரி மலையில் விளைகிறது, சந்தையில் வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாகத் தீட்டியதை விட்டுவிட்டுப் பழுப்பாக இருப்பதை வாங்குங்கள். இரண்டு தண்ணீரில் கழுவி இருபது நிமிஷம் ஊறட்டும். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். கடுகு, உளுந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கையில் இருக்கிற காயைப் போட்டு, தண்ணீர் கொதித்ததும் சாமையைப் போட்டு மூடித் தீயைக் குறைத்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் உப்புமா. தை மாசமென்றால் பிதுக்கிய அவரைப் பருப்பு ஒரு கை சேருங்கள், முந்தின ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே பிதுக்கி வைத்தது, அதுவும் ராத்திரி வேலைதான்.

ஒரு விரல் காட்டுகிறார். தினையை விட்டுவிடுகிறேன். கொள்ளையும் ராகி மாதிரியே முளை கட்டலாம், அதே வேட்டித் துணி, காலையில் ஆவியில் வேக வைத்துத் தேங்காய்த் துருவல் போட்டு... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.