பனிமலை அடியில் ஒரு திராட்சைப் பந்தல்

(திரையில்: மோன் பிளாங் சிகரம், கீழே கல் சுவர்களுக்கு நடுவே தாழ்வான பந்தல்கள்)

இத்தாலி ஒயின் என்றதும் டஸ்கனி, வெயில், சைப்ரஸ் மரங்கள் என்று ஒரு படம் மனதில் வரும் இல்லையா, அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இன்று பார்க்கப்போவது வடமேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய வால்லே தாவோஸ்தா என்ற மலைப் பள்ளத்தாக்கு. அங்கே மோர்ஜே, லா சால் என்று இரண்டு ஊர்கள். சுமார் 900 மீட்டரில் தொடங்கி ஏறக்குறைய 1,200 மீட்டர் வரை திராட்சைக் கொடிகள்!

ரகத்தின் பெயர் ப்ரியே பிளாங். வெள்ளைத் திராட்சை, அந்தப் பள்ளத்தாக்குக்கே சொந்தமானது. வேறு பிரபலமான ரகத்தை இங்கே நட்டால் பழுப்பதற்குள் குளிர் வந்துவிடும். ப்ரியே சீக்கிரம் பழுத்துவிடுவதால் பிழைத்துக்கொள்கிறது. உள்ளூர் ரகத்தை விடாமல் வைத்திருப்பதைப் பழம்பெருமை என்று நினைக்க வேண்டாம், அங்கே வேறு வழியே இல்லை.

பந்தலைப் பாருங்கள். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். பகலில் மண்ணும் கல்லும் வாங்கி வைத்த சூடு இரவில் மேலே வரும்போது குலைகளுக்குக் கிடைக்க வேண்டும், காற்றும் அதிகம் படக்கூடாது, அதனால்தான் இந்தத் தாழ்வு. பறிப்பவர்களின் முதுகு பாவம்.

இன்னொரு விஷயம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தது. அப்புறம் எல்லோரும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் நட்டார்கள். இந்தக் குளிருக்குள் அந்தப் பூச்சி வந்து சேரவில்லை. அதனால் ப்ரியே இன்னமும் சொந்த வேரிலேயே நிற்கிறது.

(திரையில்: பசுவின் கொம்பு, அதற்குள் சாணம்)

சரி, இப்போது பயோடைனமிக் என்கிற விவசாய முறை. 1924இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் என்ற தத்துவவாதி, இன்று போலந்தில் இருக்கும் ஓர் ஊரில் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது. பசுக்கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்கப் புதைத்து, வசந்தத்தில் எடுத்து, அதில் கொஞ்சமே கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பார்கள். ஆல்ப்ஸின் கிழக்குப் பக்கம், வடகிழக்கு இத்தாலியின் திரென்தினோவில், எலிசபெத்தா ஃபொராதோரி 2002இலிருந்து இந்த முறையில் தெரொல்தேகோ என்ற உள்ளூர்க் கருந்திராட்சையை வளர்க்கிறார். அவருடைய தெரொல்தேகோ நிலம் மலையடிச் சமவெளி, உயரம் இல்லை. விளைச்சல் ஒன்றையே பார்த்துத் தேர்ந்த செடிகளை விட்டுவிட்டு, பழைய தோட்டங்களிலிருந்து விதவிதமான தெரொல்தேகோ கொடிகளைத் தேடியெடுத்துப் பெருக்கியவர். எனக்கு அந்த வேலைதான் பெரிதாகப் படுகிறது. கொம்பின் மகிமையை நான் நம்பவில்லை. ஆனால் கொம்பைப் புதைக்கிறவர் தோட்டத்தில் தினமும் நடக்கிறார், இலையைத் திருப்பிப் பார்க்கிறார், அது பலன் தராமல் போகுமா?

ரசாயனப் பூச்சிக்கொல்லியை விட்டவர்களுக்கும் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய்க்குத் தாமிரம் தெளித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோதான். மலை மேலே காற்று அடித்து இலையின் ஈரம் சீக்கிரம் காயும் இடங்களில் அந்தத் தெளிப்பும் குறைகிறது. பாதி வேலையை மலையே செய்துவிடுகிறது, பெயர் மட்டும் கொம்புக்குப் போகிறது.

சுவை? இரவு குளிர்வதால் பச்சை ஆப்பிளில் இருக்கும் அதே மாலிக் அமிலம் பழத்தில் நிறைய தங்கிவிடுகிறது. ப்ரியே ஒயின் லேசானது, நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும். இனிப்பான ஒயினுக்குப் பழகியவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள்.