மழை விட்ட இரவில் ராணி எறும்பு தேடுவோருக்கு

வணக்கம் நேயர்களே. வாடைக் காற்று தொடங்கி முதல் மழை ஊற்றிவிட்டுப் போன பிறகு, இலை அசையாமல் புழுங்குகிற ஒரு மாலை வரும் பாருங்கள், அந்த மாலையில் வளவுக்குள் விளக்குப் போட்டு, வளர்ப்பதற்கு ஒரு ராணி எறும்பைத் தேடிப் பிடிப்பது எப்படி என்றுதான் இன்று பேசப் போகிறேன். கச்சான் வீசுகிற மாதங்களில் எவ்வளவு பெரிய விளக்கைப் போட்டுக் காத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் வராது, ஏனென்றால் நிலம் காய்ந்து இறுகிக் கிடக்கும், காற்றும் ஓயாது. ஐப்பசியில் மழை இறங்கி மண் இளகினால்தான் சரி. சித்திரையில் இடி மழை பெய்து ஓய்கிற அந்திகளும் நல்லவை.

அப்படி ஒரு நேரம் வாய்த்தால் ஒரே வகை எறும்பின் சிறகுள்ள ராணிகளும் ஆண்களும் ஊரிலுள்ள பல கூடுகளில் இருந்து ஏறத்தாழ ஒரே வேளையில் கிளம்பும். வேறு வேறு கூட்டில் பிறந்தவை வெளியே சந்தித்துச் சேர்வதற்கான ஏற்பாடு அது. சேர்ந்த கையோடு ஆணின் கதை முடிந்தது. ராணி தரையில் இறங்கி, சிறகைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பொந்துக்குள் நுழைந்து தன்னந்தனியாகக் குடும்பம் தொடங்கும். ஆயுள் முழுவதும் முட்டையிட அந்த ஒரு பறப்பில் பெற்ற விந்தணுக்களே போதும், அவற்றை வயிற்றுக்குள் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டாக ஒரு போத்தலில் போட்டு மறந்துவிடுகிற உயிர் இல்லை இது.

விளக்குக்கு ஏன் வருகின்றன? பறக்கிற பூச்சி வெளிச்சமான பக்கத்துக்கு முதுகைக் காட்டும். இரவில் தரையை விட வானம் வெளிச்சம், ஆகவே முதுகு வானத்தைப் பார்த்தால் நேராகப் பறக்கலாம். நம் விளக்குக்குப் பக்கத்தில் வந்ததும் அதற்கும் முதுகைக் காட்டப் போய், விலக முடியாமல் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதிவேகக் கமராவில் படம்பிடித்து 2024 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புற ஊதாக் கதிர் கலந்த வெளிச்சம் என்றால் இன்னும் அதிகமாக வரும். மஞ்சள் எல்இடிக்கு வருவது குறைவு, பழைய டியூப் லைட்டோ வெள்ளை சிஎஃப்எல்லோ பரவாயில்லை. ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் கீழ்நுனியைத் தரையிலும் கொஞ்சம் விரித்துவிட்டால் வந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். நிலவு நன்றாக எறிக்கிற இரவை விட அமாவாசையை ஒட்டிய இரவு மேல். ஈர நிலத்தில் வயர் இழுத்து விளக்குப் போடவே போடாதீர்கள், சார்ஜ் செய்கிற விளக்கு போதும்.

வயல்காரருக்கு ஒளிப்பொறி பழக்கமானதுதான், விளக்குக்குக் கீழே தண்ணீர்த் தட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வைப்பார்கள். அது கொல்வதற்கு. நமக்கு வேண்டியது உயிரோடு ஒன்றோ இரண்டோ.

முதலில் வந்து குவிவது பெரும்பாலும் ஈசல். ஈசல் என்பது கறையான், எறும்பே இல்லை. ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று தெரியாது, உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்புக்கு முன்சிறகு நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும். அப்புறம், விரல் கணு அளவில் மண்ணிறமாக, கொழுத்த உடலோடு சத்தம் போட்டுச் சுவரில் மோதுகிற ஒன்று வரும், குளவி என்று நினைத்து அடிப்பார்கள். அது டோரிலஸ் என்கிற எறும்பின் ஆண், கொட்டாது. அந்த வகையின் ராணிக்குச் சிறகே கிடையாது, அதனால் அது விளக்குக்கு வரவே வராது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விளக்கில் மோதிக்கொண்டிருக்கிற ராணியைப் பிடிக்க அவசரப்படாதீர்கள். அது இன்னும் சேராத ராணியாக இருக்கலாம், சேராத ராணி இடுகிற முட்டையில் இருந்து ஆண்தான் வரும், வேலைக்கார எறும்பு வராது, கூடு உருவாகாது. டோச்சை எடுத்துக்கொண்டு விளக்கை விட்டுத் தள்ளிப் போய், மதிலடியையும் படிக்கட்டு ஓரத்தையும் பாருங்கள். சிறகில்லாமல், எங்கும் நிற்காமல், ஒவ்வொரு வெடிப்பாக முகர்ந்து பார்த்துக்கொண்டு ஒரு பெரிய எறும்பு நடந்து போகும். முதுகு திமில் போல உயர்ந்திருக்கும், அதன் பக்கவாட்டில் சிறகு முறிந்த சிறு தழும்புகள் தெரியும், வயிறு கனத்துப் பின்னால் இழுபடும். அதுதான் சேர்ந்து முடித்த ராணி. சில வேளை அது சிறகு கழற்றுவதையே பார்க்கலாம், பின்னங்கால்களால் சிறகை முன்னுக்குத் தள்ளி அழுத்தி அழுத்தி அடியோடு முறித்துவிடும். கட்டெறும்பு ராணியைக் கண்டுபிடிப்பது சுலபம். பச்சை கலந்த உடலோடு இருந்தால் முசுறு ராணி. விரலால் நசுக்கிப் பிடிக்காமல் ஒரு சோதனைக்குழாயின் வாயை முன்னால் வையுங்கள், இருட்டான பொந்து என்று தானாகவே நுழையும்.

நடக்கப் போகும்போது சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், மழை இரவில் புடையன் பாம்பு வெளியே திரியும். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் யானை வருகிற ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் விறாந்தையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒன்றோ இரண்டோ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது ராணி எறும்பு வெளிநாட்டில் விலைபோகிற பொருள். 2025 இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளோடு இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டுத் தண்டம் கட்டினார்கள். நமது நாட்டிலேயே, யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்து பிடிபட்ட இரண்டு இத்தாலியருக்கு 2024 இல் சுமார் 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தார்கள். யாரும் உங்களிடம் ராணி கேட்டுக் காசு காட்டினால் மறுத்துவிடுங்கள், குமண போன்ற காப்பிடங்களுக்குள் எதையும் தொடாதீர்கள். நமது மண்ணை உழுது காற்றோட்டம் கொடுக்கிற கூட்டங்கள் இவை, அடுத்த மாரிக்கும் இங்கேயே இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் விளக்கையும் அணைத்துவிடுங்கள், மாட்டிக்கொண்ட மற்றவை போய்ச் சேரட்டும். எரியவிட்டால் விடியும்வரை பல்லிக்கும் தேரைக்கும்தான் விருந்து.

பிடித்ததை வைக்க ஒரு சோதனைக்குழாய் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன் மேல் தண்ணீரைத் தொடும்படி இறுக்கிய பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. கறுப்புத் துணியால் சுற்றி, தகரக் கூரையின் வெக்கை இறங்காத இடத்தில் வையுங்கள். கட்டெறும்பு ராணிக்குச் சாப்பாடு தேவையில்லை, இனி உதவாத சிறகுத் தசையையும் உடல் கொழுப்பையும் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கும். ஒல்லியாக நீண்ட, கொட்டுகிற சில வகை ராணிகள் அப்படியில்லை, அவை வெளியே போய் இரை தேடுகிறவை, அடைத்து வைத்தால் பட்டினி கிடந்து சாகும், அவற்றை அங்கேயே விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் திறந்து பார்க்க வேண்டாம், பயந்தால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தால் மிகச் சின்னதாக முதல் வேலைக்கார எறும்புகள் வரும். அன்று குண்டூசித் தலையளவு சீனித் தண்ணீரும், கால் பிய்த்த ஒரு நுளம்பும் கொடுங்கள், மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.